டிராம் ஓடிய அகலம்

தகரப் பெட்டியைத் திறந்தபோது உடனிருந்தவர்கள்: நான், அப்பா, பக்கத்துத் தையல்கடை பாய், வெள்ளையடிக்க வந்த ஆட்கள். இல்லாதவர் ஒருவர்தான், பெட்டிக்குச் சொந்தக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் அவரைத் தெருவில் சொல்தா என்போம். பாரீஸில் மகன் வீட்டுக்குப் போகும்போது, எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பாவிடம் சாவியைக் கொடுத்து, வீட்டை வெள்ளையடித்து வைக்கச் சொல்லியிருந்தார். அன்று அவர் இருந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

பெட்டிக்குள் அட்டையில் ஒட்டிய பழைய புகைப்படங்கள். பலவற்றிலும் டிராம் வண்டி. நடுத்தெருவில் தண்டவாளம், இருபுறமும் மாட்டுவண்டிகள், மாடிவீட்டுச் சுவரில் மங்கிப்போன பிரெஞ்சுத் தெருப்பலகை. ஒரு படத்தில் டிராமின் படியில் ஒரு காலை வைத்து, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நின்றவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்குகிறார். சொல்தாவின் அப்பா.

“இவரு நம்ம தெருக்காரரு. அப்ப டிராமும் நம்ம தெரு டிராம்தானே?” என்றார் பாய்.

காரைக்காலில் டிராம் ஓடியதாக நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் காரைக்காலுக்கே அரை வரிதான். அதில் டிராமை எங்கே ஏற்றுவார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எம்.ஏ. வரலாறு. அந்தப் பட்டத்துக்கு அதுவரை ஒரு வேலையும் கிடைத்திருக்கவில்லை.

அம்பகரத்தூர் வயலை விட்டுவிட்டுக் கடை வைக்க வந்த அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். “படிச்சவன் நீ. நாலு பேருக்குத் தெரியிற மாதிரி எதாச்சும் செய்யி” என்றார்.

நாலு பேருக்குத் தெரிய வேண்டுமென்றால் எங்கள் ஊரில் ஃபிளெக்ஸ்தான். காதுகுத்துக்கும் வைக்கிறோம், கண்ணீர் அஞ்சலிக்கும் வைக்கிறோம், டிராமுக்கும் வைத்தோம். படத்தைப் பெரிதாக்கி ‘நம் தெருவில் ஓடிய டிராம்’ என்று தலைப்பிட்டேன். ஆராய்ச்சி என்றால் வெறும் படம் போதுமா? மாட்டுவண்டியின் அகலத்தை அளவாக வைத்துத் தெருவின் அகலத்தைக் கணக்கிட்டேன். ‘அன்று இத்தெரு இருபுறமும் ஆறடி கூடுதலாக இருந்தது’ என்று கீழே எழுதினேன். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் அப்பா அழைத்துப்போய் அந்த வரியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

கொஞ்ச நாள் தெருவே டிராமில் ஏறி இறங்கியது. டீக்கடையில் ஒருவர் தன் தாத்தா டிக்கெட் எடுக்காமலே போவார் என்றார். இன்னொருவர் தன் வீட்டு வாசலில்தான் டிராம் நின்றது என்றார். அதைச் சொல்லி வீட்டு வாடகையையும் ஏற்றிவிட்டதாகக் கேள்வி.

பிறகு நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஃபிளெக்ஸை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“யாருங்க எழுதுனது?”

“நான்தாங்க சார்.”

“நல்லா எழுதியிருக்கீங்க. அந்த ஆறடி இப்ப எங்கங்க?”

நான் அப்பாவின் கடையைப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. வியாபாரமெல்லாம் வாசலில் சிமெண்டு மேடையில், தகரக் கொட்டகைக்கு அடியில்தான் நடக்கும். குடமும் அண்டாவும் தொங்குவது அங்கேதான். அந்த மேடை போனால் கடையே போன மாதிரி. பாயின் தையல் மெஷினும் அவர் கடை மேடையில்தான் ஓடுகிறது.

மறுநாள் அளக்க ஆட்கள் வந்தார்கள். பாய் நாடாவைக் கழுத்தில் போட்டபடி என்னிடம் வந்தார். “தம்பி, டிராம வந்த வழியே திருப்பி அனுப்பிடுங்க.”

படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் பாரீஸ் போய்ச் சேர்ந்திருந்தது. சொல்தா போன் செய்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“அடேய், அது சைகோன்டா! எங்கப்பா அங்க கோர்ட்டுல வேலை பாத்தாரு. காரைக்கால்ல ஏதுடா டிராமு? அது கெடக்கட்டும், வெள்ளையடிச்சாச்சா?”

வியட்நாமும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் பாதித் தெரு சைகோனில்தான் சம்பாதித்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சம்பாதித்தவர்கள் அங்கே படமும் எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

மகன் சொன்னது தப்பு என்று கேட்டு அப்பா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. “தப்புன்னு எழுதிக் குடுடா. படிச்சவன்தானே நீ!” பாயையும் சேர்த்துக்கொண்டு மூவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். டிராம் ஓடவே இல்லை என்பதை ஆதாரத்தோடு விளக்கினேன். அதிகாரி உடனே ஒத்துக்கொண்டார்.

“டிராம் ஓடலன்னு எனக்கும் தெரியுங்க. ஆனா பிரெஞ்சுக்காரன் போட்ட பிளான் இருக்குல்ல? நீங்க ஆறடின்னு எழுதுனீங்க. நாங்க அளந்தா ஏழடி வருது.”

“இத்தன வருசமா யாரும் கேக்கலீங்களே?” என்றார் அப்பா.

“யாரும் சொல்லலைங்க. இப்ப நீங்களே போர்டு வச்சுச் சொன்னப்புறம் நாங்க சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”

நாங்களாக எடுத்துக்கொண்டால் தகரமாவது மிஞ்சும், ஜேசிபி வந்தால் அதுவும் மிஞ்சாது என்று தன்மையாகவே சொன்னார். வெளியே வந்ததும் பாய், “சைகோன்ல ஓடுன வண்டி, நம்மள வந்து இடிச்சிருச்சு பாருங்கண்ணே” என்றார். அப்பா நேரே கடைக்கு வந்து, வாசலில் தொங்கிய குடங்களை இறக்கத் தொடங்கினார்.

இப்போது குடங்கள் உள்ளே கூரைவரை அடுக்கியிருக்கின்றன. வாங்க வருகிறவர்கள் வெயிலில் நின்று கையை நீட்டிக் காட்டுகிறார்கள். மேடையை இடித்த கூலி, ஷட்டரை உள்தள்ளிப் போட்டது, அப்பாவுக்கு இரும்பு ரேக், பாய்க்கு மெஷின் வைக்கத் தடுப்பு எல்லாம் சேர்த்து, இரண்டு கடைக்கும் ஆனது எழுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.