இரண்டு கீதங்களுக்கும் நின்றவர்

ஆலை வாசலில் ஷிப்டு மாறும் நேரம். எங்கள் பழைய அணியில் முன்வரிசையில் ஆடிய கோவிந்தன் எதிரே வந்து, "நம்ம கோலி போயிட்டாருப்பா" என்றார். கோல்கீப்பர் இருதயராஜ் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த இணைப்பு விழாவுக்குக் கட்டிய தோரணங்கள் தெருவில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவரோடு ஆடியவர்களுக்கும், அவருக்குக் கைதட்டியவர்களுக்கும், அவர்மேல் கல்லெறிந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எல்லோரும் இந்த ஊரில்தான் இருக்கிறோம்.

இருதயராஜ் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. இந்தோசீனாவிலிருந்து அவர் திரும்பியபோது இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியிருந்தது. ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் பாரிசில் இன்னும் நிறைவேறாததால், சட்டப்படி நாங்கள் எந்த நாட்டவர் என்று யாருக்கும் தெளிவில்லாத ஆண்டுகள் அவை. அப்போதுதான் துறைமுகத்துக்கு வந்த பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகளோடு எங்கள் அணி ஆடியது. இருதயராஜ் தலைவர், நான் பின்வரிசை. இரண்டு கொடி, இரண்டு கீதம் என்று முடிவாயிற்று. ஆட்டத்துக்கு முன் குழுச் செயலாளர் அவரிடம் வந்தார். நான் பக்கத்தில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"முசே, அவுங்க பாட்டு வாசிக்கும்போது பூட்ஸ் கயிறு கட்டுற மாதிரி குனிஞ்சுக்குங்க. சொல்தா நிமிந்து நின்னா சனங்க வேற மாதிரி நெனைக்கும்."

"ஆட வந்தவன் பாட்டுக்கு நிக்கிறது மரியாத. நம்ம பாட்டுக்கும் நிப்பேன். குனியறதுன்னா ரெண்டுக்கும் குனியணும், பரவாயில்லியா?"

செயலாளர் நகர்ந்துவிட்டார்.

பிரெஞ்சு கீதம் தொடங்கியது. இருதயராஜ் கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றார். கூட்டத்திலிருந்து வந்த கல் அவர் புருவத்தைக் கிழித்தது. அடுத்து நம் கீதம். வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் அதே போல நின்று, வாய்விட்டுப் பாடினார். அதைக் கண்டு, நாற்காலிகளில் இருந்த பழைய சொல்தாக்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அன்று அவர் பாய்ந்து தடுத்த பந்துகளைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை.

அடுத்த அணியில் அவர் பெயர் இல்லை. சொல்தாக்களும் அவர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும்விட வலித்தது தம்பி சவரிநாதன் பிரிந்ததுதான். இணைப்புப் போராட்டத்தில் பிரெஞ்சுக்காரர் பக்கத்து அடியாட்கள் அவன் காலை உடைத்திருந்தார்கள். "என் கால ஒடச்சவன் பாட்டுக்கு நீ நிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனான். அவன் கேட்டதில் தப்பில்லை என்றுதான் அண்ணன் கடைசிவரை சொன்னார்.

ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "சைகோன்ல எனக்கு முன்னால ஆடுனவன் வியட்நாம்ல வடக்குப் பக்கத்துக்காரன். அவுங்க நாட்ட ரெண்டா வெட்டுனதும் ஊருக்குப் போயிட்டான். அவன் கொடிக்கு நான் எதிரியாம். எங்களுக்குள்ள ஒரு சண்டகூட வந்ததில்ல."

இந்த ஆண்டு ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என்ன செய்யப் போகிறார் என்று ஊரே அவரைக் கேட்டது. கெடு முடியுமுன் அவர் போய்விட்டார்.

அடக்கத்தன்று சொல்தாக்கள் பிரெஞ்சுக் கொடியோடு வந்தார்கள். கால்பந்துக் குழுவினர் நம் கொடியோடு வந்தார்கள். அதை ஏந்தி முன்னால் நின்றவன் சவரிநாதன். பெட்டிமேல் எதைப் போர்த்துவது என்று வாசலில் தகராறு. அவர் மனைவி மதலேன் வெளியே வந்தார்.

"உயிரோட இருந்தப்ப ஒரு வார்த்த பேசல. இப்ப துணி போத்த வந்துட்டீங்களா? போங்க." பிறகு கொழுந்தனைப் பார்த்தார். "தம்பியா வந்திருந்தா உள்ள வா. கொடியோடதான் வருவேன்னா அங்கேயே நில்லு."

சவரிநாதன் அழுதான். ஆனால் அங்கேயே நின்றான். பெட்டி எதுவும் போர்த்தாமல் தெருவில் இறங்கியது.

ஆட்டத்தில் எதிரி பந்தோடு என்னைத் தாண்டும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் கத்துவார்: "வுடு, நான் இருக்கேன்!" கொடிகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். என்னிடம் இருப்பது அந்தக் குரல் மட்டும்தான். அதை யாருக்கும் தரமாட்டேன்.