மீனைத் தொடுமுன்

மீனைத் தொடுமுன் ஆனந்தராசா கையைக் குளிரவைப்பார். உப்புப் போட்ட ஐஸ் தண்ணீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை அமிழ்த்தி, விரல்கள் மரத்துப்போகும்வரை நிற்பார். அவை தென்துருவக் கடலின் மீன்கள். மனிதக் கையின் இளஞ்சூடுகூட அவற்றுக்கு நெருப்பு.

"நான் காய்ச்சலாக் கிடந்தாலும் இப்பிடி ஒருநாளும் பார்க்கேல்லை" என்பாள் மனைவி ரதிதேவி. சான்ட்ரிங்ஹாமில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் அவள்.

"காய்ச்சல் பார்க்கிறது உம்மட வேலையெல்லோ" என்பார் அவர்.

கொழும்பில் மீன்வளத் திணைக்களத்தில் இருந்தவர். ஆக்லாந்துக்கு வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். பிறகுதான் நகர நடுவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை, அதோடு பகுதிநேர ஆராய்ச்சி. கடல் கொஞ்சம் சூடானால் இந்த மீன்கள் பழகிக்கொள்ளுமா, செத்துப்போகுமா? அவ்வளவுதான் அவருடைய கேள்வி. தென்கடலுக்கு மீன்பிடிக் கப்பல்கள் போகத் தொடங்கியிருந்த காலம் அது. எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்மானிக்கிறவர்கள், கடல் என்றைக்கும் இப்படியே குளிர்ந்து கிடக்கும் என்று நம்பித் தீர்மானிக்கக்கூடாது என்பது அவர் கவலை.

ஒரு தொட்டியைத் துருவக் கடலின் குளிரிலேயே வைத்திருந்தார். இன்னொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிவந்தார். குளிர்த்தொட்டி போனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இராது. இனி மீன்கள் அடுத்த கோடையில்தான் கப்பலேறி வரும். அவருடைய வேலை ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

1998 பெப்ரவரியில், நல்ல வெயில் காலத்தில், நகர நடுவுக்கு மின்சாரம் கொண்டுவந்த கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகின. கட்டிடத்தின் சின்ன ஜெனரேட்டரால் தொட்டிகளுக்குக் காற்றுக் கொடுக்க முடிந்தது. குளிரூட்டியை ஓட்ட அதற்குச் சக்தி போதவில்லை. பெரிய ஜெனரேட்டர் ஞாயிறு மாலைதான் வரும் என்றார்கள்.

நகர நடுவுக்கு வெளியே, அவர்கள் குடியிருந்த சான்ட்ரிங்ஹாமில் மின்சாரம் இருந்தது. ஆனந்தராசா சோற்றைப் பிசைந்தபடியே இருந்ததைப் பார்த்துவிட்டு, ரதிதேவி போனை எடுத்தாள். முதலில் அடுத்த தெருச் சீதா, திருச்சிக்காரி.

"சீதா, உன்ர ஃப்ரீசரில உப்புத் தண்ணி வைச்சு ஐஸாக்கித் தாறியோ? ஓம், மீனுக்கு. சமைக்க இல்லையடி!"

"சமைக்காத மீனுக்கு எதுக்குக்கா உப்பு?"

"உப்புப் போட்டால் ஐஸுக்குக் குளிர் கூடவாம். இவர் சொல்லுறார்."

அந்தப் பகுதித் தமிழர் வீட்டு ஃப்ரீசர்களில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்ததாகச் சரித்திரமில்லை. துருவிய தேங்காய் இருக்கும், முருங்கையிலை இருக்கும், இறால் இருக்கும். அந்தச் சனிக்கிழமை அவற்றோடு உப்புத் தண்ணீரும் இடம்பிடித்தது. ஞாயிறு காலை இருவருமாக டப்பாக்களைச் சில்லிபின் என்கிற குளிர்ப்பெட்டிகளில் அடுக்கி, ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்துக்குச் சுமந்து இறக்கினார்கள்.

டப்பாக்களை மூடியோடு குளிர்த்தொட்டியில் மிதக்கவிட்டார். வெப்பமானி மெல்ல இறங்கியது. அவர் தோள்களும் இறங்கின. அப்போதுதான் ரதிதேவி டார்ச்சைத் தாழ்த்தினாள்.

"இஞ்சருங்கோ, தண்ணிக்குள்ள என்ன வெள்ளையாப் போகுது?"

ஒரு டப்பாவின் மூடி வெடித்திருந்தது. அவர் விரலைத் தோய்த்து முகர்ந்தார்.

"தேங்காய்ப்பால்."

சிரிக்க நேரமில்லை. அந்தக் கொழுப்பு செவுளில் படிந்தால் மீன் மூச்சுத் திணறும். தொட்டி நீரை மாற்றவென்று ஒரு பீப்பாயில் கடல்நீர் வைத்திருந்தார்; மிச்ச ஐஸை அதைச் சுற்றி அடுக்கினார். நீர் குளிர்ந்ததும் மீன்களை ஒவ்வொன்றாக வலையில் ஏந்தி மாற்றினார். கடைசிக்கு முந்திய மீன் பீப்பாய்க்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வலையில் கடைசி மீன் துடித்துக்கொண்டிருக்க, அவருக்குக் கை ஒழியவில்லை.

"ரதி, அதை நிமிர்த்திப் பிடியும்."

"நானோ?"

"முதல்ல கையை ஐஸுக்குள்ள வையும்."

வைத்தாள். "ஐயோ அம்மா!"

"எடுக்காதையும்."

"விரல் கழண்டு விழப்போகுதப்பா."

"இன்னும் கொஞ்சம்."

வலி ஏறி, எரிந்து, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. இதை இவர் தினமும் செய்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மரத்த கைகளால் மீனை ஏந்தி, வாய்க்குள் தண்ணீர் போகும்படி மெல்ல முன்னே நகர்த்தினாள்.

"எனக்கொண்டும் தெரியேல்லை. உயிர் இருக்கோ?"

அவர் குனிந்து பார்த்தார். "செவுள் அசையுது. விடாதையும்."

நெடுநேரம் விடவில்லை. பிறகு மீன் தானே உதறிக்கொண்டு, அவள் கையைவிட்டு நேராக நீந்திப்போனது.

மாலையில் பெரிய ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியபோது, குளிர்த்தொட்டி மீன்கள் அத்தனையும் உயிரோடு இருந்தன. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் போன் அடித்தது.

"ரதி அக்கா, பாயசத்துக்குத் தேங்காப்பால் எடுத்தா உப்புத் தண்ணியா உருகுது! என் டப்பா அங்க வந்துச்சா?"

"வந்தது. மீனுக்குப் பிடிக்கேல்லையாம்."

தேநீரை மேசையில் வைத்துவிட்டு, ரதிதேவி அவர் கையைப் பிடித்தாள். பழக்கத்தில் அவர் இழுத்துக்கொண்டார்.

"நீங்கள் மீனில்லை. இஞ்சால தாங்கோ."

தோல் வெடித்த விரல்களை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். அவர் கொஞ்சம் நெளிந்தார்.

"சுடுதப்பா."

"இருங்கோ," என்றாள். "பழகிக்கொள்ளுறியளோ எண்டு பாப்பம்."