பாஸ் போடாத ஆட்டம்

கைக்குள்ள அடங்குற வீடியோ கேம் இருக்கே, அந்த பிரிக் கேம் ஆடுறவங்கள்ல ரெண்டு ரகம். விழுற கட்டையைப் பாத்து ஆடுறவன் ஒருத்தன். அடுத்து வரப்போற கட்டையை ஓரத்துல குட்டியா காட்டுமே, அதைப் பாத்து ஆடுறவன் இன்னொருத்தன். முதல் ரகம் பொழுது போகலன்னு ஆடும். தோத்தா, “அட போங்கப்பா”ன்னு சிரிச்சிட்டு அடுத்தவன் கையில குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடும். ரெண்டாவது ரகத்துக்குத் தோத்தா சிரிப்பு வராது. பட்டன் ஒட்டிக்கிச்சு, நீட்டுக் கட்டை வரவே இல்ல, எவனோ பக்கத்துல தும்மிட்டான்னு நூறு காரணம் சொல்லும். நான் ரெண்டாவது ரகம். சொல்லிக்கிறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்பது வாக்குல அரியலூர்ல சிமெண்ட் லோடு அடிச்சிக்கிட்டு இருந்தேன். பேக்டரி வாசல்ல லாரி வரிசை நிக்கும் பாருங்க, கீழப்பழுவூர் ரோட்டுல ஒரு பர்லாங்குக்கு நிக்கும். டோக்கன் வாங்கிட்டு ஒரு நாளும் காத்திருப்போம், ஒன்றரை நாளும் காத்திருப்போம். முன்னெல்லாம் லாரிக்கு அடியில துண்டை விரிச்சி சீட்டாடுவாங்க. எவனோ ஒரு புண்ணியவான் திருச்சி மலைக்கோட்டை கடைவீதியில ஒரு பிரிக் கேம் வாங்கிட்டு வந்தான். அடுத்த ரெண்டு மாசத்துல சீட்டுக்கட்டைத் தொட ஆளில்ல. சாமி படம் இல்லாத லாரி கூட இருந்துச்சு, பிரிக் கேம் இல்லாத லாரி கிடையாது.

வரிசைக்குன்னு ஒரு சட்டம் இருந்துச்சு. டீக்கடைப் பலகைக் கதவுல அதிகபட்ச பாயிண்டை சாக்பீஸால எழுதி வெச்சிருப்போம். அதை அழிக்கணும்னா ரெண்டு பேர் கண்ணால பாக்கணும். அப்புறம், நடுவுல பாஸ் பட்டனை அமுக்கி நிறுத்தி வெக்கக் கூடாது. நிறுத்தினா அந்த ஆட்டம் சேராது. “டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தை ஆடுறவனெல்லாம் ஆட்டக்காரனா?”ன்னு கேட்டு அந்தச் சட்டத்தைப் போட்டவரே பெரம்பலூர் அண்ணன்தான். என்னைவிடப் பத்து வயசு மூத்த டிரைவர். கதவுல இருந்த எழுபத்தோராயிரத்து நானூறு அவர் போட்டது.

ஏழு மாசமா எவனாலும் அதை அழிக்க முடியல. டீ குடிக்கப் போறப்பல்லாம் அந்த நம்பர் என்னைப் பாத்துப் பல்லிளிக்கும். போதாததுக்கு இவர் வேற. “என்னா தம்பி, இன்னிக்காவது கடைக்காரருக்கு சாக்பீஸ் செலவு வெப்பியா?” எனக்குப் பத்திக்கிட்டு வரும். சம்பளம் ஏத்திக் குடுன்னு மொதலாளிகிட்ட கேக்கக்கூட அவ்வளவு ஆசைப்பட்டதில்ல, அந்த நம்பரை அழிக்க அவ்வளவு ஆசைப்பட்டேன்.

ஒரு சித்திரை மாசம், காலையில பத்து மணி. கிளீனர் ஊர்த் திருவிழான்னு போயிட்டான், நான் ஒண்டி. என் லாரிக்கு முன்னாடி நாலு லாரி. பின்னாடியே பெரம்பலூர் அண்ணன் லாரி. நாலு லாரி போக எப்படியும் மத்தியானம் ஆயிடும்னு சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஆட உக்காந்தேன்.

அன்னிக்கு என்ன நேரமோ, கட்டையெல்லாம் சொன்ன பேச்சு கேட்டுச்சு! வலது ஓரத்துல ஒரே ஒரு சந்து விட்டு மீதியை அடுக்கிக்கிட்டே வரேன். நீட்டுக் கட்டை வருது, சந்துல எறக்குறேன், நாலு வரி ரொம்பி ஒண்ணா காலி. ஒரு வரிக்கு நூறுதான், நாலு சேந்து போனா ஆயிரத்தி ஐநூறு. நாப்பதாயிரம் தாண்டிடுச்சு. அம்பது. கட்டை இப்ப மழை மாதிரி விழுது. அறுபது. வேர்வை கண்ணுல எறங்குது, தொடைக்கக் கை இல்ல. எப்ப வந்தார்னு தெரியல, ஜன்னல்ல தொத்திக்கிட்டு அண்ணன் பாத்துக்கிட்டு நிக்கிறார்.

அறுபத்தெட்டாயிரம். அப்பத்தான் வாட்ச்மேன் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டான். முன்னாடி இருந்த நாலு லாரியும் எப்ப உள்ள போச்சுன்னே தெரியல.

மூணு தடவை கூப்பிடுவான். அதுக்குள்ள வண்டி நகரலன்னா பின்னாடி இருக்கவன் உள்ள போயிடுவான், நாம வரிசைக் கடைசிக்குப் போகணும். இன்னொரு ஒன்றரை நாள். மொதலாளி உரிச்சித் தொங்க விட்டுடுவாரு. பாஸ் போட்டா ஆட்டம் செத்துது. போடலன்னா லோடு போச்சு. அதுவும் பின்னாடி இருக்கவன் யாரு? இந்த அண்ணனேதான். நான் ஆடிக்கிட்டே இருந்தா அவருக்கு வரிசை கெடைக்கும், நிறுத்தினா அவர் நம்பர் தப்பிக்கும். எப்படிப் பாத்தாலும் அவர் காட்டுல மழை.

ரெண்டாவது தடவை கூப்பிட்டான். என் பெருவிரல் பாஸ் பட்டன் மேல போயிடுச்சு.

“டேய், கையை எடுறா!”

அண்ணன் கதவைத் தொறந்து ஏறினார். என்னை இடிச்சி கிளீனர் சீட்டுக்குத் தள்ளிட்டு ஸ்டியரிங்ல உக்காந்து வண்டியைக் கெளப்பினார். “நீ கட்டையைப் பாரு. குலுங்காம போறேன்.”

அந்த ரோடு எப்படிப்பட்ட ரோடு தெரியுமா? லோடு லாரி போயிப் போயி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அதுல அந்த மனுஷன் நெறமாசப் புள்ளத்தாச்சியைக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னாடி, “எறங்குது… ஏறுது…”ன்னு சொல்லிக்கிட்டே வந்தார். கேட் தாண்டி எடை மேடையில ஏத்தி நிறுத்தறப்ப நான் எழுபதாயிரத்து இருநூறுல இருக்கேன். கட்டை மேல முட்டப் போகுது, முட்டினா ஆட்டம் முடிஞ்சுது, இன்னும் நாலு வரி எடம்தான். ஓரப் பெட்டியில பாத்தேன். நீட்டுக் கட்டை! சந்துல விட்டேன். எழுபத்தோராயிரத்து எழுநூறு!

“சார், சார், ஓடியாங்க!”ன்னு எடை போடுற கிளார்க்கைக் கத்திக் கூப்பிட்டது நான் இல்ல, அவர். கிளார்க்கு பதறியடிச்சி வந்தார், என்னமோ ஆக்சிடெண்ட்டுன்னு. “நம்பரைப் பாருங்க சார். பாத்தீங்களா? நீங்க ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி.” அதுக்கப்புறம் நாலே கட்டையில ஆட்டம் முடிஞ்சிடுச்சு. எனக்கு எங்க அது கவலை! அவர் தோளைப் பிடிச்சிக் குலுக்கிக்கிட்டு நிக்கிறேன், கண்ணெல்லாம் தண்ணி.

அப்பத்தான் வாசல்ல வாட்ச்மேன் அடுத்த நம்பர் கூப்பிடுறது கேட்டுச்சு. அது அவர் டோக்கன். மூணாவது தடவை. அவர் எறங்கி ஓடுறதுக்குள்ள அவருக்குப் பின்னாடி நின்ன வண்டி உள்ள வந்துடுச்சு.

நானா இருந்தா அவருக்காக எறங்கியிருப்பேனா? சத்தியமா மாட்டேன். பாஸ் போடுங்கண்ணேன்னு நல்லவன் மாதிரி சொல்லிட்டு, உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டிருப்பேன். நானும் பெரிய ஆட்டக்காரன்னு அதுவரைக்கும் நெனைச்சிக்கிட்டு இருந்தேன் பாருங்க.

லோடு ஏத்தி வெளிய வர நாலு மணி ஆயிடுச்சு. டீக்கடைக் கதவுல புது நம்பர் எழுதியிருந்துச்சு, அவர் கையெழுத்துலயே. எனக்கு மனசு கேக்கல. மன்னிப்பு கேட்டே தீரணும்னு வரிசைக் கடைசி வரைக்கும் வண்டியை ஓட்டிட்டுப் போனேன். அவர் லாரி பக்கத்துல நிறுத்தி ஹாரன் அடிச்சேன்.

அவர் நிமிந்து பாக்கல. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருந்தார். ஜன்னலைச் சுத்தி ஆறேழு டிரைவருங்க மூச்சு விடாம நின்னாங்க. அதுல ஒருத்தன் என்னைப் பாத்து வாயில விரல் வெச்சான்.

“எவ்வளவு?”ன்னு சைகையில கேட்டேன்.

அவன் ஒரு கை அஞ்சு விரலையும், இன்னொரு கையில ஒரு விரலையும் காட்டினான். அறுபதாயிரம்.