மாத்திரைக்கும் அமாவாசை லீவு

எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று வாக்கில் ஒன்றரை வருடம் காஞ்சிபுரத்தில் இருந்தேன். அதற்கு முன்னால் வேலூரில் ஹோட்டலில் மாவாட்டினேன், பெங்களூரில் லாரி கழுவினேன். அதுவரை எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுசாகத் தங்கியதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்று வாத்தியார் என்னை ஜன்னல் கம்பியில் கட்டிப்போடுவார். ஒரு நாள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு ஓடியவன்தான், திரும்பிப் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை கிடைத்தது. கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். ஒரு நெசவாளர் வீட்டின் பின்பக்கத்தில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். வீட்டில் மூன்றே பேர். தறியில் உட்காரும் அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளும் அவர் மனைவியான அக்கா, எட்டு வயதில் ஒரு பெண்.

அந்தப் பெண் நடந்து பார்த்தவர்கள் தெருவில் யாரும் இல்லை. ஓட்டம்தான். சோற்றுத் தட்டில் கை வைத்த நிமிஷம் வாசலில் நிற்பாள். ஒருமுறை தறிக் குழிக்குள் விழுந்து நெற்றியில் தையல் போட்டார்கள். "இன்னாடி இது, கால்ல சக்கரம் வெச்சிக்கினு பொறந்துதா உம் பொண்ணு?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்பார். இப்போது அதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் சொல்கிறார்கள். அன்று எங்களுக்குத் தெரிந்த பெயர் வாலு.

அவளை யார் யாரோ சொல்லி மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா பல நாள் பார்த்து ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் ஒன்று போட்டால் பள்ளிக்கூடத்தில் உட்காருவாள், எழுதுவாள். ஆனால் பசி போய்விடும். மத்தியானச் சோறு அப்படியே திரும்பி வரும். நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் தோள் எலும்பை எண்ணிவிடலாம்.

காஞ்சிபுரத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. ஊர் முழுக்க லீவு. அன்றைக்கு மாத்திரைக்கும் லீவு விடலாமா என்று அந்த அக்கா டாக்டரம்மாவைக் கேட்டிருக்கிறார். விட்டுப் பார், பார்த்ததை எனக்கு வந்து சொல் என்றாராம் அவர்.

அந்தப் பெண்ணுக்கு அமாவாசை எப்படி இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். படையலை முடித்துவிட்டு, சோற்றைக் கட்டிக்கொண்டு, அக்கா அவளை ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை மணல். உடைக்க ஒன்றுமில்லை, விழுந்தால் அடியில்லை. பெண் ஓடினாள், ஊற்றுத் தோண்டினாள், கத்தினாள், நான்கு முறை வந்து சாப்பிட்டாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். மற்ற நாட்களில் அந்தச் சிரிப்பை நான் கண்டதே இல்லை.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. இப்படி இருக்கும் பிள்ளையை மாத்திரை போட்டு உட்கார வைக்கிறார்களே, ஜன்னல் கம்பிக்குப் பதில் இதா என்று தோன்றியது. மறுநாள் காலை அவளைத் தனியாகப் பிடித்து, "மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கிக்கோ. பின்னாடி வந்து சாக்கடையில துப்பிடு" என்று சொல்லிக் கொடுத்தேன்.

"அம்மா நாக்கை நீட்டச் சொல்லும்ணா."

"நாக்கை நீட்டு. கன்னத்தை யாரு பாக்கப்போறா?"

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள் துப்பினாள். நன்றாகச் சாப்பிட்டாள். நான் பெரிய வைத்தியன் ஆகிவிட்டதாக நினைத்தேன். புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து, பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை உடைத்துவிட்டாள் என்று ஆள் வந்தது. பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளவாட்டு நூல் முழுவதையும் தெரு நெடுக இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சரிபார்ப்பார்கள். மூன்று சேலைக்கான பாவு அது. மாத்திரை போட்டதாக அக்கா நம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பள்ளிக்குக் கிளம்பிய பெண், தெருக்கோடியில் யாரோ விட்ட காற்றாடியைப் பார்த்தாள். குனிந்து போகத் தெரியாதவளா அவள்? அன்றைக்குக் குனியவில்லை. நேராகப் பாவுக்குள் பாய்ந்தாள். பட்டு அறுகிற சத்தம் சின்னதுதான். ஆனால் தெருவே திரும்பிப் பார்த்தது.

அண்ணன் கையை ஓங்கிவிட்டார். அக்கா நடுவில் வந்து நின்றார். "அடிச்சா நூலு ஒட்டிக்குமா? உக்காந்து முடி போடு வா" என்றார். அக்கம்பக்கத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் அக்கா எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னார்: "மாத்திரை இப்பலாம் கேக்கல போலக்கீது. நாளைக்கு மதராஸ் போறேன் இல்ல, இன்னும் ஒண்ணு ஏத்திக் குடுக்கச் சொல்லணும்."

என் கையிலிருந்த இழை நழுவிவிட்டது. ஒரு மாத்திரைக்கே அந்தப் பிள்ளை எலும்பாக இருந்தது. இரண்டு போட்டால்? அதுவும் நான் செய்த திருட்டுத்தனத்தால். ஆனால் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. இருக்க இடம் போய்விடுமே என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்குப் போகிற வழியில் கால் தானாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. மதராஸ் பஸ் புறப்பட்டுவிட்டது. ஓடி ஏறினேன். அக்கா ஜன்னலோரம், மடியில் பெண். பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் பாதிப் பேர் கேட்டார்கள்.

"நானா துப்பலம்மா, அண்ணாதான் துப்பச் சொல்லுச்சு" என்று பெண்ணும் சாட்சி சொன்னாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். "எந்தெந்த நாளு?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லா நெனச்சிச் சொல்லு." மறுபடியும் சொன்னேன்.

இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். உள்ளே இரண்டு பட்டு நூல், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். அக்காவுக்கு எழுதத் தெரியாது. மாத்திரை போட்ட நாளுக்குச் சிவப்பு, போடாத நாளுக்கு மஞ்சள். பிள்ளை வயிறாரச் சாப்பிட்டால் ஒரு முடிச்சு, சாப்பிடாவிட்டால் முடிச்சு இல்லாமல் ஒரு விரற்கடை இடம். சிவப்பு நூலில் எங்கோ ஒன்றிரண்டு முடிச்சுகள்தான் இருந்தன. கடைசியில் மட்டும் நான்கு முடிச்சு சேர்ந்தாற்போல.

"மாத்திரையும் போட்டுக்கினு சோறும் துன்னுதே, ஆட்டமும் ஆடுதே, இன்னான்னு சொல்றதுன்னு ராத்திரி முழுக்க யோசிச்சிக்கினு இருந்தேன்பா" என்றார். அந்த நான்கு முடிச்சையும் பல்லால் கடித்துத் துப்பினார். மஞ்சள் நூலை எடுத்து, அதில் புதிதாக நான்கு முடிச்சு போட்டார். பஸ் குலுங்கியும் ஒரு முடிச்சும் பிசகவில்லை.

பிறகுதான் நிமிர்ந்தார். "மாத்திரை போட்டா சோறு போவுது. வுட்டா படிப்பு போவுது. ரெண்டையும் பாத்துப் பாத்து எட்டு மாசமா முடி போட்டுக்கினு இருக்கேன். நீ ஒரே ஒரு அமாவாசையப் பாத்துட்டு முடிவு பண்ணிட்டியே தம்பி."

கண்டக்டர்தான் என்னைக் காப்பாற்றினார். "பாவமன்னிப்பெல்லாம் ஆச்சா? டிக்கெட் எடுபா." காசில்லை என்றதும் ஏனாத்தூர் பக்கம் இறக்கிவிட்டார். நடந்தே திரும்பினேன்.

சாயங்காலம் என் மூட்டையைக் கட்டி வைத்துக் காத்திருந்தேன். அக்கா வந்ததும் மூட்டையைப் பார்த்தார். "எங்க கெளம்பிட்ட? பட்டறையில பச்சை நூலு கொஞ்சம் கேட்டு வாங்கியா" என்றார். நூலைத் தடவிப் பார்த்துத்தான் டாக்டரம்மா முடிவு சொன்னாராம். மாத்திரையை ஏற்ற வேண்டாம். பள்ளிக்கூட நாளில் விடக்கூடாது. அமாவாசையோடு ஞாயிற்றுக்கிழமையும் விடலாம். கோடை லீவு முழுக்க விட்டுப் பார்க்கலாம், ஆனால் பார்த்ததை வந்து சொல்ல வேண்டும். பச்சை நூல் அந்தக் கோடை லீவுக்கு.

அந்தக் கோடையில் பெண் கொஞ்சம் சதை போட்டாள். பள்ளி திறந்ததும் மாத்திரை திரும்ப வந்தது. மதியச் சோறு பாதி திரும்பியது. அக்கா இரவுச் சோற்றைக் கூட்டினார். மற்ற பிள்ளைகளுக்கு எது சரி என்று எனக்குத் தெரியாது. அடுத்த பொங்கலுக்கு முன் நான் வழக்கம்போல வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். எத்தனையோ படித்தவர்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள அந்த அக்காவைப்போல மெனக்கெட்ட ஒருவரைப் பார்க்கவில்லை.

இன்று பேரப்பிள்ளைகளின் மருந்தை நிறுத்தலாமா, தொடரலாமா என்று யாராவது என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் வாய் தானாக மூடிக்கொள்கிறது. டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டில் இரண்டு நிறத்தில் நூல் இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கிறேன்.