பெயரை முதலில் சொன்னது நான்தான்

கைப்பேசி ஒலித்தபோதுதான் எனக்கு உறைத்தது. "விமான நிலைய வாசலில் நிற்கிறேன், நீங்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டவர், நான் செயலியில் பதிவு செய்த டாக்சியின் டிரைவர். நானும் ஸ்டெல்லாவும் அதற்குள் வேறொருவர் காரில் பாங்காக் நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம்.

தேர்வாய் கண்டிகையில் நாங்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலை எங்களைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. விமான நிலையத்துக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. நானே அதன் டிரைவரிடம் போய் என் பெயரையும் ஓட்டல் பெயரையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஏறிவிட்டோம்.

"நம்பர் பாத்தியாடி?" என்றாள் ஸ்டெல்லா.

"ஷேர் ஆட்டோல என்னிக்குடி நம்பர் பாத்துக்கினு ஏறினோம்? ஊரு பேரச் சொல்வோம், ஏறுவோம். அதே நெனப்புல வந்துட்டேன்."

"இன்னா பேஜாரு இது. பாஸ்போர்ட் எங்க?"

பைகள் எங்கள் மடியில்தான் இருந்தன. அதுவும் ஷேர் ஆட்டோ பழக்கம்தான். ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு குமட்ட ஆரம்பித்தாள். சீட் பாழாகுமே என்று அவர் பதறி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். இறங்கி, ஆட்கள் இருந்த கடைக்குள் ஓடினோம்.

அவர் கெட்டவரா, சவாரிக்குக் காத்திருந்த சாதாரண மனிதரா, இன்றும் தெரியாது. இப்போதெல்லாம் முதலில் வண்டி எண்ணைப் பார்க்கிறேன். பிறகு, "யாரை ஏற்ற வந்தீர்கள்?" என்று கேட்கிறேன். என் பெயர் டிரைவர் வாயிலிருந்து வந்தால்தான் கதவைத் திறப்பேன்.

அடுத்த மாதம் இன்னும் நான்கு பெண்கள் போகிறார்கள். இந்த வாரமே கம்பெனி கேட்டில் அவர்களுக்கு ஒத்திகை. டிரைவராக நான் நிற்பேன். குமட்டுவதற்கு ஸ்டெல்லா பயிற்சி தருவாளாம்.