வால்வு மாமாவின் வண்டி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. விடிவதற்குள் கிளம்பி, தெரு முனைகளில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, பள்ளத்துக்குள் கிடக்கும் வால்வை ஆளுயரச் சாவியால் திருகுவார். ஒரு பக்கத்துத் தெருக்களை மூடினால்தான் அடுத்த பக்கத்துக்குத் தண்ணீர் ஏறும். அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வால்வுக்காரர் என்பார்கள். தண்ணீர் வராத அன்றைக்கு வேறு பெயர்களும் உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது.

சாவியைக் கட்டிக்கொண்டு போக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். அவர் கல்யாணத்துக்கு முன்பே கிழடு தட்டிய வண்டி. இந்தக் காலத்து ஸ்கூட்டரில் அந்தக் கம்பியைக் கட்டினால் வளைவில் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். இது முழுக்க இரும்பு. எதைக் கட்டினாலும் சுமக்கும்.

வழக்கம்போல் அதைச் சர்வீசுக்கு விட்டார். மெக்கானிக் ஆயில் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பிளக்கைத் தேய்த்தார். அதற்குப் பிறகுதான் பீடை பிடித்தது. கிளம்பும்போது நன்றாகத்தான் கிளம்பும். சில தெரு போனதும் இருமும், திக்கும், நின்றுவிடும். மாமா டாங்கி மூடியைத் திறந்து பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை.

"வயசாயிடுச்சு மாப்ளே. ரெஸ்ட் கேக்குது" என்றார் என்னிடம்.

"உங்களுக்கா, வண்டிக்கா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா பரவால்ல. இது முந்திக்குது."

மெக்கானிக் கார்புரேட்டரை இன்னொரு தரம் பிரித்தார். புது பிளக் போட்டார். பெட்ரோல் குழாயை வாய் வைத்து ஊதினார். கடை வாசலில் வண்டி சமர்த்தாக ஓடியது. "ஓட்டத் தெரியாம ஓட்டுறீங்க" என்று அவர் சொல்ல, "நான் இதை ஓட்டும்போது நீ தவழ்ந்துட்டு இருந்தடா" என்று மாமா சொல்ல, இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது.

வண்டி நின்ற நேரமெல்லாம் தெருக்கள் காய்ந்தன. அலுவலகத்துக்குப் புகார் போனது. மேற்பார்வையாளர் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இனி ஒரு தெருவிலிருந்து போன் வந்தாலும் ஊருக்கு வெளியே இருக்கிற பம்ப் ஹவுசுக்கு மாற்றல். அங்கே போனால் அங்கேயே தங்க வேண்டும். அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து, காலையில் யாராவது தூக்கி உட்காரவைத்தால்தான் உண்டு. அதற்கு மாமாவை விட்டால் ஆளில்லை. நானோ லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் லோடு கிடைக்காமல் அவர்கள் வீட்டில் கிடந்தேன்.

"நீ கூடப் போடா. நின்னா தள்ளவாவது ஒரு ஆள் வேணாமா" என்றாள் அக்கா.

"பத்து சக்கரம் ஓட்டுறவனை ரெண்டு சக்கரம் தள்ளச் சொல்றியே."

"போடான்னா."

போனேன். மாமா வால்வைத் திறந்ததும் சாவியின் தலையில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கம்பி வழியாக மேலே வருமாம். நானும் வைத்துப் பார்த்தேன். காது சில்லிட்டதுதான் மிச்சம்.

கடைசித் தெருவுக்குப் போகிற மேட்டில் வண்டி நின்றது. மாமா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டார். மூடியைத் திறந்து பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"நான் அங்க போயிட்டா அவளை யாரு பாத்துப்பா" என்றார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் டாங்கி மூடியைத் திருகினேன். புஸ்ஸென்றது. மாமா தலையைத் தூக்கினார்.

"என்ன சத்தம் அது?"

"மூடிதான் மாமா."

"இல்ல. காத்து உள்ள போச்சு. கொண்டா அதை."

மூடியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் தடித்த ரப்பர் வாஷர், புத்தம் புதுசு.

"மெக்கானிக் போட்டதா?" என்றேன்.

"நான் போட்டது."

சர்வீஸ் முடிந்து வந்த அன்று டாங்கி பளபளவென்று இருந்திருக்கிறது. மூடியோரம் மட்டும் பெட்ரோல் கசிந்திருக்கிறது. ஆயுசெல்லாம் கசிவை அடைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வால்வுக்குப் போடுகிற ரப்பரில் ஒரு வட்டம் வெட்டி, மூச்சுவிட இடமில்லாமல் இறுக்கிவிட்டார். மூடியில் காற்றுக்கென்று ஊசிமுனை அளவு துளை உண்டு. உள்ளே காற்று போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். ரப்பர் அதை அடைத்துவிட்டது. நின்றபோதெல்லாம் பெட்ரோல் பார்க்கிறேன் என்று அவரே காற்றை விட்டிருக்கிறார், அவரே மறுபடி அடைத்திருக்கிறார். ஹெல்மெட்டுக்குள் அந்தச் சத்தம் எங்கே கேட்கும்?

"காத்து வால்வு அடைச்சா லைன்ல தண்ணி வராதுன்னு ஊருக்கே பாடம் எடுக்குறவன் நான்" என்றார். சிரிக்கவில்லை. "வீட்ல சொல்லிடாத."

"எனக்கும்தானே தோணல மாமா."

ஆறுதலுக்குச் சொன்னேன். உண்மையும் அதுதான்.

வாஷரை நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி மேடு ஏறியது. வழியெல்லாம் அவர் பேண்ட்டில் பெட்ரோல் தெறித்தது. தெறிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசித் தெருவில் பாத்திரங்கள் காத்திருந்தன. ஒரு பெண் கையில் போனோடு நின்றாள்.

"இப்பதான் ஆபீஸ் நம்பரைத் தேடிட்டிருந்தேன்."

"தேடுங்கம்மா. அதுக்குள்ள தண்ணி வந்துடும்."

சாவியை நான் திருகினேன். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வருது" என்றார். குழாய் செருமியது, பழுப்பாகத் துப்பியது.

"கலங்கலா இருக்கே" என்றாள்.

"முதல்ல வர்றதைச் செடிக்கு ஊத்துங்க."

மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார். எல்லாத் தெருவுக்கும் விட்டாயிற்றா என்று கேட்டிருக்க வேண்டும்.

"விட்டாச்சு சார்" என்றார் மாமா. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் போனை இடுப்பில் செருகிவிட்டு வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள். "இல்ல சார். யாரும் ஒண்ணும் சொல்லல."

போனை வைத்துவிட்டு நடைபாதை ஓரம் உட்கார்ந்தார். நான் சாவியைத் துடைத்து வண்டியில் கட்டினேன்.

"போலாம், அவ முழிச்சிருப்பா" என்றார். ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.