வளைவைத் தாண்டிய குரல்

நெடுஞ்சாலைத் துறையின் தலைமை அலுவலகத்தில் ‘புதிய தொழில்நுட்பப் பரப்புரைப் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்குகிறது. பிரிவு என்றதும் பெரிய கூடமும் கும்பலாக ஆட்களும் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பெண் பொறியாளர். அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் சாலை ஓரத்தைப் பற்றியே பேசுவதால் அவளுக்கு ‘ஓரத்தக்கா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

அவள் சொல்வது ஒன்றும் பெரிய மந்திரவித்தை இல்லை. தார்ச்சாலையின் விளிம்பு படி போலச் செங்குத்தாக நிற்கிறது. சக்கரம் கீழே இறங்கிவிட்டால் ஓட்டுநர் பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்புவார். வண்டி துள்ளி ஏறி எதிர்ப்பக்கம் பாயும். தார் விரிக்கும் இயந்திரத்தின் ஓரத்தில் ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தினால் விளிம்பு சரிவாக அமையும். இறங்கிய சக்கரம் அலுங்காமல் ஏறிவிடும். மற்ற நாடுகளில் போட்டுப் பார்த்து நல்லது என்று கண்டதுதான்.

இதை விளக்க ஒரு மரத்துண்டும் பொம்மைப் பேருந்தும் எப்போதும் அவள் பையில் இருக்கும். அலுவலகம் அலுவலகமாகப் போய் உருட்டிக் காட்டுவாள். எல்லோரும் ரசிப்பார்கள், டீ வரவழைப்பார்கள். பிறகு அந்தக் கேள்வி வரும்.

“நம்ம துறையில வேற யாராவது போட்டிருக்காங்களா?”

இல்லை என்றால் கோப்பு மூடிக்கொள்ளும். அங்கே முதல் ஆளாக இருக்க யாருக்கும் தைரியம் கிடையாது. இரண்டாவது ஆளாக இருப்பதற்கு மட்டும் அடிதடி.

அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் இடம், குளத்து வளைவு. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை வெளியூரில், வாரம் ஒரு நாள்தான் வீடு. தினமும் பொழுது சாயும் நேரத்தில் அந்த வளைவைக் கடந்துதான் கடைசி நிறுத்தத்துக்குப் போக வேண்டும். ஒரு தடவை சக்கரம் இறங்கி, மயிரிழையில் தப்பி வந்தவர். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் போன் போடுவார்.

“தாண்டிட்டேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“இனிமேதான். நீ?”

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற மனுஷன். ஆனால் அந்த நாலு சொல்லுக்காக அவள் நாள் முழுக்க ஏங்கினாள். அந்தக் குரல் வந்த பிறகுதான் விளக்கைப் போடவே தோன்றும்.

கடைசியில் தலைமைப் பொறியாளர் சோதனைக்கு இடம் ஒதுக்கினார். எங்கே தெரியுமா? அலுவலக வாசலில்! பெரிய மனிதர்கள் வந்தால் காட்ட வசதியாம். நூல் பிடித்தது போன்ற சாலை, போதாததற்கு வேகத்தடை வேறு. சில மாதம் கழித்து அறிக்கை வந்தது: முன்பும் விபத்து இல்லை, பின்பும் இல்லை, ஆகவே பலன் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அவரிடம் போனாள். குளத்து வளைவில் போடச் சொல்லிக் கேட்டாள்.

“பலன் தெரியலைன்னு எழுதியிருக்காங்களேம்மா?”

“கெடுதல்னு எழுதலையே சார்.”

“வேற எங்கயாவது போட்டிருக்காங்களா?” பழக்கதோஷத்தில் அவர் வாய் தானாகக் கேட்டது.

“போட்டிருக்காங்க சார். நம்ம வாசல்லயே.”

அவர் முகம் மலர்ந்தது. “அட, அப்போ நாம ரெண்டாவதுதானா!” கையெழுத்து விழுந்தது.

வளைவில் தார் விரித்த அன்று அவளும் வெயிலில் நின்றாள். சூடு ஆறியதும் குனிந்து சரிவைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் அந்த வழியில் வண்டிகளை விட்டார்கள். மாலை வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்தது. போன் வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

“எங்க இருக்கீங்க? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலையே. வந்து சேர்ந்தாச்சு.”

“தாண்டினதும் ஏன் போன் போடலை?”

“அதான் நீ ஓரம் போட்டுக் குடுத்துட்டியே, இனிமே என்ன பயம்? தினமும் உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?” பெருமையாகத்தான் சொன்னார்.

எதற்காக இத்தனை வருஷம் நடையாய் நடந்தாளோ அது கிடைத்துவிட்டது. அதற்கு இப்படி ஒரு பின்விளைவு இருக்கும் என்று எந்த நாட்டுக்காரனும் எழுதி வைக்கவில்லை.

“ஓரம் பஸ்ஸுக்குங்க,” என்றாள். “போன் எனக்கு.”

“தாண்டிட்டேன்,” என்றார் அவர்.

அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

“சாப்பிட்டீங்களா?”